கடித்த நாயைக் கட்டிவைத்த பத்து நாட்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது எங்கள் தெரு. சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் தேள் கொட்டினாலும் பூனை பிறாண்டினாலும் தெருக்காரர்கள் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் தட்டவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, அதுவும் சண்டையை விலக்கிவிடச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

இரு வீட்டாரிடமும் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள், சரி என்றேன்.

கடிபட்டவள் ஆறு வயதுச் சிறுமி, எடை 18 கிலோ. கடித்தது எதிர் வீட்டில் வளரும் மூன்று வயது ஆண் நாய். தெருவில் எல்லாருக்கும் பழகிய நாய்தான் என்றாலும், பால்காரரைப் பார்த்தால் மட்டும் பாயும். பந்து எதிர் வீட்டு கேட்டுக்குள் உருண்டு போயிருக்கிறது. கேட்டின் கொக்கி ஆறு மாதமாக உடைந்து கிடக்கிறது. நாய் சோற்றுத் தட்டில் வாய் வைத்திருந்தது, பந்து தட்டின் ஓரத்தில் கிடந்தது. குழந்தை குனிந்தாள். வலது மணிக்கட்டைக் கவ்வி ஒரு முறை உதறிவிட்டு நாய் விட்டுவிட்டது. எல்லாம் மூன்று நான்கு விநாடிக்குள் முடிந்துபோன காரியம்.

அதன் பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். பாட்டி சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்துக் கடிவாயில் அப்பினார். அப்பா வீட்டுக்குள் ஓடி, துணி உலர்த்தும் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். அம்மா ஆட்டோ பிடித்துப் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய கிளினிக்குக் குழந்தையைத் தூக்கிச் சென்றார். நாய்க்காரர் ஆட்டோவின் பின்னாலேயே ஸ்கூட்டரில் போய், “எங்கள் நாய்க்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறது டாக்டர்” என்றார். அங்கே காயத்தைத் துடைத்து, டெட்டனஸ் ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, “வீட்டு நாய்தானே, ஊசியும் போட்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. நாய்க்காரர்கூடப் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அன்று இரவு எட்டு மணிக்கு அந்தக் குழந்தைக்கு, ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயைத் தடுக்கச் செய்ய வேண்டியவற்றில் ஒன்றுகூட நடந்திருக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா தெரு நடுவே நின்று கத்திக்கொண்டிருந்தார். “அண்ணா, நீங்கள் குறுக்கே வராதீர்கள். இந்த நாயை அடித்துக் கொன்றுவிட்டுத்தான் எனக்கு மறுவேலை” என்றார். “தம்பி, அந்த நாய் இன்னும் பத்து நாள் உயிரோடு இருக்க வேண்டும். அதில் அவர்களைவிட உனக்குத்தான் அதிக அக்கறை இருக்க வேண்டும். கழியைக் கீழே போடு, குழந்தையைக் குழாயடிக்குக் கொண்டு வா” என்றேன். நான் சொன்னதன் பொருள் அவருக்கு அப்போது விளங்கவில்லை. ஆனாலும் கழியைக் கீழே போட்டார்.

கால் மணி நேரம் கழுவுவது

சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எருக்கம்பால் என்று நம் ஊரில் என்னென்னவோ பூசுகிறார்கள். அவை காயத்தைப் புண்ணாக்கிக் கிருமியை இன்னும் உள்ளே தள்ளத்தான் உதவும். பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவருக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் காலத்தில் கையில் இருந்தது அதுதான்.

கடித்த உடனே கழுவியிருக்க வேண்டியது. ஒன்றரை மணி நேரம் தாமதம்தான், ஆனால் தாமதமாகிவிட்டதே என்று கழுவாமல் விட்டுவிடக் கூடாது. 15 நிமிடம் என்று எழுதுவது எளிது. அலறும் குழந்தையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் அதன் நீளம் தெரியும். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். ஆறாவது நிமிடத்தில், கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு மெல்லிய கீறலை என் மனைவி பார்த்தாள். நகமோ பல்லோ பட்டு, ரத்தம் கசிந்து உலர்ந்திருந்தது. மணிக்கட்டில் இருந்த இரண்டு பற்குழிகளையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் இதை வீட்டிலும் யாரும் பார்க்கவில்லை, கிளினிக்கிலும் பார்க்கவில்லை. நாய் கடித்த குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை, முடியை விலக்கியும் பார்க்க வேண்டும். முகமும் விரல்களும் நரம்பு மிகுந்த இடங்கள். முகத்திலிருந்து மூளை கிட்டத்தில் இருக்கிறது. குழந்தைகள் உயரம் குறைந்தவர்கள் என்பதால் அவர்களுக்குத்தான் முகத்தில் அதிகம் படுகிறது.

மஞ்சள் அட்டைப் புத்தகம்

கழுவி முடித்ததும் நாய்க்காரரிடம் ஊசிப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னேன். மஞ்சள் அட்டை போட்டது. உள்ளே வரிசையாக ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. “பாருங்கள் சார், ஒன்றையும் விடவில்லை” என்றார். ஒவ்வொன்றாகப் படித்தேன். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டு ஊசி, மறுபடியும் அதே கூட்டு ஊசி. ரேபிஸ் என்று போட்ட ஸ்டிக்கர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குட்டியாக இருந்தபோது போட்டது, அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு மேல் இல்லை. நாய்க்கு மூன்று மாத வயதில் தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி அது. ஸ்டிக்கர் என்றால் ரேபிஸ்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நாய் வளர்க்கும் பத்துப் பேரைக் கேட்டால் நான்கைந்து பேராவது இப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் அனுபவம்.

புத்தகம் சரியாகவே இருந்திருந்தாலும், “ஊசி போட்ட நாய்” என்ற ஒற்றைச் சொல்லை நம்பிக் குழந்தைக்குச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. அறிகுறி தெரிவதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், சில சமயம் ஒரு வாரத்திலும் வரும், ஓர் ஆண்டு கழித்தும் வரும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு.

அன்று இரவே மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கிளம்பச் சொன்னேன். குழந்தை அழுதழுது தூங்கிவிட்டாள் என்று அம்மா காலையில் போவதாகச் சொன்னார். நான் வற்புறுத்தியிருக்க வேண்டும், வற்புறுத்தவில்லை. அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போனோம்.

தோலைக் கிழித்து ரத்தம் வந்த கடி என்பதால் அது மூன்றாம் வகை. வெறுமனே நக்கினால், அதுவும் காயமில்லாத தோலில் என்றால், முதல் வகை, சிகிச்சை வேண்டியதில்லை. ரத்தம் வராத சிராய்ப்பு இரண்டாம் வகை. தடுப்பூசி மட்டும் போதும். மூன்றாம் வகைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் வேண்டும். பெற்றோர் பலர் கேள்விப்படாத பெயர் இது, அதனால் கேட்டு வாங்கவும் தெரிவதில்லை. தடுப்பூசி போட்டபின் உடம்பு தானே எதிர்ப்பாற்றலை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கடிவாயிலேயே காவல் நிற்பது இந்த மருந்துதான். குதிரையிலிருந்து எடுத்ததானால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுத்ததானால் 20 யூனிட். 18 கிலோ குழந்தைக்குக் குதிரை மருந்தானால் 720 யூனிட். அதைக் கையிலோ தொடையிலோ போட்டு முடித்துவிடக் கூடாது, காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்த வேண்டும். இரண்டு பற்குழிக்கும் போட்டார்கள், கன்னத்துக் கீறலுக்கும் போட்டார்கள். கீறலை என் மனைவி பார்த்திராவிட்டால் அந்த இடம் விட்டுப்போயிருக்கும். முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் என்றால் இம்யூனோகுளோபுலினைப் போட்டுக்கொள்ளலாம். அதன் பிறகு போட்டால் உடம்பின் சொந்த வேலைக்கு அதுவே இடைஞ்சல். வேறெங்காவது முதல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வந்தவர்களும் மனம் தளர வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

“காயத்தைத் தைக்காமல் விட்டுவிட்டார்களே, கன்னத்தில் தழும்பு நிற்குமே, பெண் பிள்ளை ஆயிற்றே” என்று பாட்டி வருத்தப்பட்டார். நாய்க்கடியை உடனே தைப்பதில்லை. தையல் ஊசியே கிருமியை உள்ளே கொண்டுபோய்விடும். தைத்தே ஆக வேண்டிய பெரிய காயம் என்றால் இம்யூனோகுளோபுலின் போட்டபின், பொறுத்துத்தான் தைப்பார்கள்.

அப்பாவுக்கு வேறொரு பயம். சிறு வயதில் அவருடைய மாமாவுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டதைப் பார்த்தவர். ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து அது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் போன்ற இடங்களில் தயாரானது. 2004-உடன் இந்தியாவில் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் இரண்டு இடத்தில், 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள். காசு கிடையாது. தனியாரிடம் தசையில் போட்டுக்கொண்டால் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து முறை. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அளவு ஒன்றுதான். பிட்டத்தில் மட்டும் போடக் கூடாது.

அந்த “0” பலரைக் குழப்புகிறது. முதல் ஊசி போட்ட நாள் பூஜ்யம். திங்கள் போட்டால் அடுத்தது வியாழன், பிறகு அடுத்த திங்கள், கடைசி ஊசி நான்கு வாரம் கழித்து வரும் திங்கள். அம்மா தினசரி நாள்காட்டியில் அந்தத் தாள்களின் மூலையை மடித்துவைத்தார். ஆனால் நாயைக் கண்காணிக்கும் பத்து நாளைக் கடித்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு கணக்குக்கும் தொடக்கம் வேறு.

பத்தியம் எதுவும் இல்லை. முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாம் கொடுக்கலாம். இதை நான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

நாய்க்காரர் வீட்டுத் திண்ணையில்

திங்கட்கிழமை மதியம் இன்னொரு சிக்கல். தெருவில் பேச்சு முற்றியதைப் பார்த்து, நாயைப் பண்ருட்டிப் பக்கம் மாமியார் ஊருக்கு அனுப்பிவிட நாய்க்காரர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். நல்ல எண்ணத்தில்தான். நாய் கண்ணில் படாவிட்டால் கோபம் ஆறும் என்று நினைத்திருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்து அவரிடமும் அவர் மனைவியிடமும் ஒரு மணி நேரம் பேசினேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். ரேபிஸ் கண்ட நாயின் எச்சிலில் கிருமி வருவது, நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான். தெரிந்த பிறகு நாய் சில நாட்களில் செத்துவிடும். ஆகவே கடித்த நாளிலிருந்து பத்து நாள் நாய் நன்றாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். நாயை அடித்துக் கொன்றாலும், ஊருக்கு அனுப்பினாலும், தெருவில் விரட்டிவிட்டாலும் இந்தச் சாட்சி போய்விடும். கடிபட்ட வீட்டார் அதன் பிறகு மாதக்கணக்கில் பயத்தோடு இருக்க வேண்டும். நாயைக் கொன்றவருக்குச் சட்டத் தொல்லையும் சேரும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்படி அதற்கு ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு.

நாயைக் கட்டிவைத்தார்கள். தினமும் காலையில் சோறு தின்னும்போது ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்ப வேண்டும், நான் குழந்தையின் அப்பாவுக்கு அனுப்புவேன் என்று ஏற்பாடு. நேருக்கு நேர் பேசிக்கொள்ளாத இரண்டு வீட்டுக்கு நடுவே அந்தப் பதினைந்து விநாடி வீடியோதான் பாலமாக இருந்தது. வாயில் நுரை, காரணமில்லாமல் கடிப்பது, குரைப்பு மாறுவது மட்டுமே அறிகுறி என்று எண்ணிவிடக் கூடாது. சத்தமில்லாமல் மூலையில் சுருண்டு, தாடை தொங்கி, பின்னங்கால் இழுத்துக்கொள்வதும் அதே நோய்தான்.

வியாழக்கிழமை வீடியோ வரவில்லை. நாய் சோறு தின்னவில்லை என்று நாய்க்காரரின் மனைவி அழுதுகொண்டே போன் செய்தார். எனக்கும் வயிறு கலங்கத்தான் செய்தது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். இடது காதில் சீழ் கட்டி வீங்கியிருந்தது. வாயைத் திறந்தாலே வலிக்கும் என்றார். சோற்றுத் தட்டில் வாய் வைத்திருந்த நேரத்தில் ஒரு கை குறுக்கே வந்ததற்கு அது ஏன் அப்படிச் சீறியது என்பதும் ஓரளவு விளங்கியது. மருந்து போட்டபின் சனிக்கிழமை தின்றது. பத்தாம் நாள், புதன்கிழமை காலை, பால்காரரைப் பார்த்துப் பழையபடி குரைத்தது. அந்த வீடியோவைக் குழந்தையின் அப்பா இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

நாய் பிழைத்துவிட்டதே, இனி ஊசி எதற்கு என்று அப்பா கேட்டார். கடைசி ஊசியையும் போடச் சொன்னேன். போட்டு முடித்தால், பிற்காலத்தில் எந்த நாய் கடித்தாலும் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை.

காகிதம்

அப்பாவுக்கு வழக்குப் போட வேண்டும் என்ற எண்ணம் தணியவில்லை. அது அவர் உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு, தன் வசம் உள்ள பிராணியால் மனித உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்ற நிலையில் போதிய காப்பு செய்யாமல் விட்டவருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289-ஆவது பிரிவாக இருந்தபோது அபராதம் 1,000 ரூபாய்தான்.

நாய் கடித்தது என்பது மட்டும் இங்கே போதாது, ஆபத்து முன்பே தெரியக்கூடியதாக இருந்ததா என்பதே கேள்வி. ஆறு மாதமாக உடைந்து கிடந்த கொக்கி, பால்காரர் மேல் பாய்ந்தது, அதைப் பற்றி அவர் முன்பே நாய்க்காரரிடம் முறையிட்டது ஆகிய மூன்றும்தான் வழக்கின் உயிர். கொக்கியை மறுநாளே சரிசெய்துவிடுவார்கள் என்பதால் ஞாயிறு இரவே படம் எடுத்துவைக்கச் சொல்லியிருந்தேன். அதைவிட முக்கியம் மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. “நாய் கடித்தது” என்று மட்டும் அம்மா சொல்ல ஆரம்பித்தார். எதிர் வீட்டு வளர்ப்பு நாய், இத்தனை மணிக்கு, அவர்கள் வீட்டு கேட்டுக்குள் என்று முழுக்கச் சொல்லவைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சொன்னால் கதை போலத் தோன்றும். முதல் நாள் பதிவேட்டில் இருந்தால் அதை அசைக்க முடியாது.

காவல் நிலையத்தில், “நாய் கடித்ததற்கெல்லாமா கேஸ்? அக்கம்பக்கம்தானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். எழுத்தில் கொடுத்த புகாருக்கு மனு ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். 291 பிடியாணை இல்லாமலே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம். நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் மேலே நீதித்துறை நடுவர் இருக்கிறார். ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டால், பிறகு இரு வீட்டாரும் சமாதானமாகிவிட்டோம் என்று சொல்லி எளிதில் திரும்பப் பெற முடியாது. எதிரெதிர் வாசல். தினமும் கோலம் போடும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். இதையும் சொன்னேன், முடிவை அவரிடம் விட்டுவிட்டேன்.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும், 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்கிறது. வழக்குக்கு முந்திய சமரசமாக மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. வெறும் வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு அந்த வலு கிடையாது. கிளினிக் செலவு, ஆட்டோ, அப்பா வேலைக்குப் போகாத ஐந்து நாள் கூலி, கன்னத் தழும்புக்குப் பின்னால் தேவைப்படக்கூடிய சிகிச்சைக்கு ஒரு தொகை ஆகியவற்றோடு, கேட்டுக்குப் புதுப் பூட்டு, வெளியே கூட்டிப் போகும்போது வாய்க்கூடு, ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசி என்றும் எழுதினார்கள். முகம் சிதைந்த, விரல் போன கடியாக இருந்திருந்தால் சிவில் வழக்கே போடச் சொல்லியிருப்பேன். இந்தக் காயத்துக்கு அத்தனை ஆண்டு நீதிமன்றப் படி ஏறுவது தேவையில்லை என்பது என் கருத்து. நாய் திரும்பவும் திரும்பவும் கடித்து, உடையவரும் அசையவில்லை என்றால் அதற்கு வேறு வழி உண்டு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின் கீழ் நிர்வாக நடுவரிடம் முறையிட்டால், ஆபத்தான பிராணியை அடைத்துவைக்க அவர் ஆணையிடலாம்.

குழந்தையைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். வீட்டிலும் அவளைக் கடைசியில்தான் கவனித்தார்கள். மூன்றாம் வாரத்தில் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். பள்ளிக்குத் தெருவின் மறுகோடி வழியாகச் சுற்றிப் போகலாம் என்று அடம் பிடித்தாள். பயம் தெளியட்டும் என்று அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிப்போட்ட நாயின் முன்னால் நிறுத்தினார். அன்று இரவு முழுக்க அவள் தூங்கவில்லை. அப்படிச் செய்ய வேண்டாம், அவள் போகும் வழியிலேயே கொஞ்ச நாள் போங்கள் என்றேன். மாதக்கணக்கில் நீடித்தால் குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்கலாம், 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவியிலும் பேசலாம் என்று அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். தொலைபேசியில் ஒரு முறை பேசினார்.

கடைசி ஊசிக்கு நானும் உடன் போனேன். திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் மறுகோடி வழியாகப் போகச் சொன்னாள். அவரும் சுற்றிக்கொண்டு போனார்.